வலப்பக்கம் மேலே

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் என் வாய் முந்திக்கொண்டு "தெரியுமே" என்று சொல்லிவிடும். மூளை அதற்கப்புறம்தான் சாவகாசமாக எழுந்து வரும். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் போளூருக்கு எந்த பஸ் என்று கேட்ட ஒரு குடும்பத்தை மூட்டை முடிச்சோடு செங்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டவள் நான். (ஜன்னல் வழியாகக் கையாட்டி நன்றி வேறு சொன்னார்கள், பாவம்.) இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முட்டிவலி, சர்க்கரை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. வீட்டில் சொல்லத் தேவையே இல்லை, எல்லோருக்கும் தெரியும். இந்த வியாதியின் வேகத்தில் ஒரு சனிக்கிழமை காலை இருபத்திரண்டு குழந்தைகளுக்கு நான் செய்த காரியம் அப்படி.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊரில் நர்சரிப் பள்ளி என்பதே அப்போது புதுசு. நான் அடி அண்ணாமலையில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, டவுனில் ஒரு வாடகை வீட்டில் நடந்த நர்சரிப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்குக் கற்பிக்க முறையாகப் பயிற்சி முடித்திருந்தேன். ஆனால் என் உத்தியோகம் மூக்கு துடைப்பது, கொல்லைக்கு அழைத்துப்போவது, அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வது. வகுப்பு டீச்சர்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி உண்டு. எனக்குக் கிடையாது. அவர்களைக் குழந்தைகள் "டீச்சர்" என்றன, என்னை "சரோஜாக்கா" என்றன. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். ராத்திரி படுத்தால் கனவில் அதுதான் வந்தது, கைப்பிடியோடு.

பள்ளியை நடத்தியவரைப் பெரிய டீச்சர் என்போம். ஒருநாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். (நான் நின்றேன்.)

"நம்ம ஊருக்கு எத்தினி நாட்டுக்காரங்க வராங்க, போறாங்க. நம்ம புள்ளைங்களுக்கு ஒரு நாடும் தெரியலன்னா கேவலம் இல்ல? ஆளுக்கொரு நாடு எடுத்துக்கோங்க. ஒரு வாரம். புள்ளைங்க வாயால ஒப்பிக்கக் கூடாது, கையால செய்யணும். நல்லா செய்யறவங்களுக்கு ஜூன்லேருந்து யூகேஜி."

யூகேஜி என்றால் நாற்காலி. மற்ற டீச்சர்கள் ரஷ்யாவையும் இங்கிலாந்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

"ஜப்பான் யாருக்காவது தெரியுமா?"

மூளை இன்னும் எழுந்திருக்கவில்லை. "எனக்குத் தெரியுமே, டீச்சர்" என்றது வாய்.

"உனக்கா?"

"என் பிரெண்டே ஜப்பான்காரம்மாதான் டீச்சர். எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"அப்படியா! அப்ப கடைசி நாளு அவங்களையே சீஃப் கெஸ்டா கூட்டியாந்துடு" என்றார் பெரிய டீச்சர்.

ஜப்பான்காரம்மா என்று ஒருவர் இருந்தது உண்மை. ஹருகோ என்று பெயர். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். நாற்பது வயதிருக்கும். தினமும் விடிகாலையில் மலையைச் சுற்றிவிட்டு எங்கள் வாசல் வழியாகத் திரும்பி வருவார். என்னைப் பார்த்தால் இடுப்பை வளைத்துக் கும்பிடுவார், நானும் வளைவேன். ஒருமுறை தண்ணீர் கேட்டார், சொம்பில் கொடுத்தேன், குடித்துவிட்டு இரண்டு கையாலும் சொம்பைத் திருப்பித் தந்தார். எங்கள் சிநேகிதம் மொத்தமே இந்தச் சொம்பு அளவுதான்.

நியாயமாகப் பார்த்தால் அன்று சாயங்காலமே போய் அவரிடம் கேட்டிருக்கலாம். நாலே வீடு. ஆனால் ஏற்கெனவே எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டதாக நான் சொன்ன ஆளிடம், இனிமேல் போய்ச் சொல்லிக்கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அவரிடம் கேட்டால் பெரிய டீச்சருக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயம். கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் காதுமடல் சூடாகிறது.

எனக்கு ஜப்பானைப் பற்றித் தெரிந்தவை மூன்று. குனிந்து கும்பிடுவார்கள், காகிதம் மடிப்பார்கள், குச்சியால் சாப்பிடுவார்கள். எல்கேஜிக் குழந்தைகள் இருபத்திரண்டு பேரையும் அந்த வாரத்துக்கு என்னிடம் விட்டிருந்தார்கள். திங்கட்கிழமை கும்பிடு. எதிரெதிராக நிற்கவைத்துக் குனியச் சொன்னதில் ஆறு குழந்தைகளுக்கு நெற்றி புடைத்தது. தனசேகர் என்று ஒரு பொடியன், நாலு வயது, பள்ளி வாசலில் நின்ற பால்காரரின் எருமைக்கெல்லாம் குனிந்து கும்பிட்டான். செவ்வாய்க்கிழமை காகிதம். ஜப்பான்காரர்கள் கொக்கு மடிப்பார்கள் என்று கேள்வி. எனக்குக் கப்பலும் கத்திக்கப்பலும்தான் வரும். "ஜப்பான் கடல் சூழ்ந்த நாடு, ஆகவே கப்பல்" என்று சமாளித்தேன். புதன்கிழமை டீ. அவர்கள் பால் ஊற்ற மாட்டார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன், வெறும் டீயைக் கொடுத்தேன். மறுநாள் காலை தனசேகரின் அம்மா வந்து நின்றார்.

"புள்ளைக்கு பால் இல்லாத டீ குடுத்தீங்களாமே? இங்க இன்னா சாவா விழுந்து கெடக்குது?"

எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் பாலில்லாத டீ கொடுப்பார்கள். "ஜப்பான்ல இது மரியாதைங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அந்த அம்மாவின் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும், வரப்போவதை அப்படியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சனிக்கிழமைக்கு உடை வேண்டும். என் அண்ணி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் தைத்துக்கொடுப்பவர். மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு பழைய நாள்காட்டிப் படம் இருந்தது. பூத்த மரத்தடியில் ஜப்பான் பெண் ஒருத்தி, நீளமான அங்கி, இடுப்பில் பட்டை. எனக்குக் கிடைத்த ஒரே ஆதாரம் அதுதான். பட்டுத்துணி எந்த வீட்டிலும் தரமாட்டார்கள். எல்லா வீட்டிலும் இருப்பது அப்பாவின் பழைய வேட்டி. ஆளுக்கொன்று கொண்டுவரச் சொன்னேன், அண்ணி வெட்டித் தைத்தார். இருபத்திரண்டு அங்கி, எல்லாம் வெள்ளை வெளேர்.

மாதிரிக்கு ஒன்றை நான் போட்டுப் பார்த்தேன். அண்ணனின் வேட்டியில் தைத்தது அது. படத்துக்கு எதிரே போய் நின்றேன். அங்கியின் இரண்டு பக்கமும் நெஞ்சில் ஒன்றின்மேல் ஒன்றாக வருகிறது. எந்தப் பக்கம் மேலே? படத்தைப் பார்த்தேன். மேலே இருந்த மடிப்பு என் வலக்கைப் பக்கத்திலிருந்து வந்தது. ஆகவே வலப்பக்கம் மேலே. அந்தப் பெண் என்னைப் பார்த்து நிற்கிறாள், எனக்கு வலது என்றால் அவளுக்கு அது இடது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதில் மானக்கேடு என்னவென்றால், பயிற்சியில் முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இதைத்தான். "குழந்தைகளுக்கு எதிரே நிற்கும்போது நீ ஒரு கண்ணாடி. அவர்கள் வலது கையைத் தூக்க வேண்டுமானால் நீ இடது கையைத் தூக்கு." அந்தத் தேர்வில் நான்தான் முதல் மார்க்.

அண்ணி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஏம்மா சரோசா, வலமா எடமான்னு சரியாப் பாத்தியா? வேட்டிக்கே நாம வலம் எடம் பாக்கறோம்."

"தெரியும் அண்ணி. ஜப்பான்ல இப்படித்தான்."

மீந்த துணியை என்ன செய்வது என்று யோசித்து, சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி, நூல் கோத்து, நெற்றியில் கட்டிவிட ஏற்பாடு செய்தேன். அது படத்தில் இல்லை. முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனை.

வெள்ளிக்கிழமை ஹருகோவின் மாடிக்குப் போய், "ஸ்கூல். ஜப்பான் டே. யூ கம். சீஃப் கெஸ்ட்" என்றேன். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே உயரம். "சில்ட்ரன்?" என்று கேட்டார். "எஸ், ட்வென்டி டூ, ஸ்மால்" என்று தரையிலிருந்து கையால் உயரம் காட்டினேன். அவர் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வருவதாகத் தலையாட்டினார். எனக்கு நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது போலிருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பெற்றோரெல்லாம் வந்துவிட்டார்கள். கூடத்தில் பாய் விரித்துக் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்தேன். எல்லோருக்கும் வெள்ளை அங்கி, வலப்பக்கம் மேலே. நெற்றியில் வெள்ளை முக்கோணம். ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு, பந்தல்காரரிடம் வாங்கிச் சீவிய மூங்கில் குச்சி இரண்டு. சிறப்பு விருந்தினர் வரும்போது குச்சியால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். ஆனால் விருந்தினர் வரத் தாமதமாகிவிட்டது. தனசேகர் குச்சியால் பக்கத்துப் பையனின் காதைக் குடைய ஆரம்பித்தான், அந்தப் பையன் பதிலுக்கு இவன் மூக்கைத் தேடினான். கண்ணில் கிண்ணில் பட்டுவிட்டால்? நான் ஒரு கைதட்டுத் தட்டி உத்தரவு போட்டேன்.

"எல்லாரும் குச்சிய சோத்துல நட்டு வெய்யுங்க! கையக் கட்டுங்க!"

இருபத்திரண்டு கிண்ணத்திலும் குச்சிகள் நெட்டுக்குத்தலாக நின்றன. பார்க்க வரிசையாக, ஊதுபத்தி நட்டது போல, அழகாகவே இருந்தது. நிஜ ஊதுபத்தியையும் பெரிய டீச்சர் வாசலில் ஏற்றிவைத்திருந்தார். காத்திருந்து சோர்ந்துபோன இரண்டு குழந்தைகள் கிண்ணத்துக்குப் பின்னால் மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டன.

ஹருகோ வந்தார். எங்கள் ஊர்க் கைத்தறிப் புடவை, கையில் ஒரு பை நிறைய வண்ணக் காகிதம். ஒரு செருப்பைக் கழற்றினார், நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தார், இன்னொரு செருப்பு காலிலேயே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை.

நான் பெரிய டீச்சரின் காதில், "சந்தோஷத்துல பேச்சே வரல டீச்சர்" என்றேன்.

பெரிய டீச்சர் ஒரு கனத்த சாமந்தி மாலையை அவர் கழுத்தில் போட்டார். நான் கைதட்டினேன். குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தரையில் நெற்றி படக் குனிந்தன. (தூங்கிய இரண்டைத் தவிர.) பெற்றோர் பலமாகக் கைதட்டினார்கள்.

ஹருகோ மெதுவாக நடந்து வந்து முதல் வரிசையில் முதல் குழந்தையின் முன்னால் மண்டியிட்டார். சோற்றில் நின்ற குச்சிகளை உருவி, கிண்ணத்துக்குக் குறுக்கே படுக்கவைத்தார். நெற்றி முக்கோணத்தை அவிழ்த்தார். இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, அங்கியைப் பிரித்து, மறுபடியும் மூடி, பட்டையைக் கட்டி, நெஞ்சில் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினார். அடுத்த குழந்தைக்கு நகர்ந்தார். அதற்கும் அதே மாதிரி. பெற்றோரில் சிலர் கைகூப்பிக்கொண்டார்கள்.

"இது இன்னாம்மா?" என்று கிசுகிசுத்தார் பெரிய டீச்சர்.

அந்த நிமிஷம்கூட எனக்குப் புத்தி வரவில்லை. "ஆசீர்வாதம் டீச்சர். ஜப்பான்ல இப்படித்தான்" என்றேன்.

எட்டாவதோ ஒன்பதாவதோ குழந்தையின்போது அவர் கன்னத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்தேன். அங்கிகளைச் சரிபார்க்க வந்து பின்னால் நின்றிருந்த அண்ணி என் முழங்கையைக் கிள்ளினார். தையல்காரியின் கண்.

"ஆசீர்வாதமும் இல்ல ஒண்ணும் இல்ல. வலத்த எடமா மாத்தறாங்க, பாரு. நீ கட்னது மொத்தமும் தப்பு."

மீதிக் குழந்தைகளுக்கும் அவர் கட்டி முடிக்கும்வரை நான் அங்கேயே நட்டுவைத்த குச்சியாக நின்றேன். கடைசியாகத் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் போனார். அவர்களை எழுப்பி, உட்காரவைத்து, அதற்குப் பிறகுதான் அங்கியில் கை வைத்தார். அதில் ஒன்று தனசேகர். விழித்தவன் அவரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். அவனிடம் அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

எழுந்து வந்தவரிடம் பெரிய டீச்சர், "ஹவ் இஸ் அவர் ஜப்பான்?" என்று கேட்டார். என் நாற்காலி, என் மானம், என் ஒரு வார டம்பம் எல்லாம் அவர் வாயில் இருந்தன. ஹருகோ என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், என் சாயம் வெளுத்துவிடும்.

"வெரி குட்" என்றார். என் பக்கம் திரும்பி இடுப்பை வளைத்தார். "டீச்சர், வெரி குட்."

என்னை முதன்முதலில் டீச்சர் என்று கூப்பிட்டது அவர்தான். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று நினைத்தேன்.

சாயங்காலம் அண்ணி என்னைத் தரதரவென்று இழுக்காத குறையாக அந்த மாடிக்கு அழைத்துப்போனார். "ஸாரி. நோ நோ ஐ" என்று என்னவோ உளறினேன். ஹருகோ எங்களை உட்காரச் சொன்னார். ஒரு துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டு, இடப்பக்கத்தை மேலே மடித்து, "லைஃப்" என்றார். வலப்பக்கத்தை மேலே மடித்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் காட்டினார். எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அந்த நாட்டில் வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டுவது செத்தவர்களுக்கு. மற்றதையும் ஒவ்வொன்றாகச் சைகையில் காட்டினார். வெள்ளை உடையும் அவர்களுக்கு. நெற்றியில் முக்கோணமும் அவர்களுக்குத்தான். சோற்றில் குச்சியை நட்டுவைப்பது பிணத்துக்குப் படைக்கும்போது. கழுத்தில் போட்ட சாமந்திகூட அவர்களுக்குச் சாவுப் பூவாம். தெரிந்து செய்பவர்கள்கூட அத்தனையையும் இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. மலையை வலமாகத்தான் சுற்றவேண்டும், இடமாகச் சுற்றக் கூடாது என்று நடக்கப் பழகும்போதே தெரிந்துகொண்ட ஊர்க்காரி நான். வலத்துக்கும் இடத்துக்கும் அர்த்தம் எங்கள் ஊரில் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

தன் நெற்றியில் விரலால் முக்கோணம் வரைந்து காட்டி, "ஹூ டோல்ட்?" என்று கேட்டார்.

"மை ஐடியா" என்றேன்.

அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணியும் சிரித்தார். நான் எதற்கு என்று தெரியாமல் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். தனசேகர் உயரத்தில் ஒரு பையன், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. "மை சன். ஃபோர் இயர்ஸ்" என்றார். தன் வலக்கையை நெஞ்சின் குறுக்கே கொண்டுபோய் மேலே மூடுவது போலக் காட்டினார். தன் கையால் அப்படிக் கட்டிவிட்டது அந்த ஒரு தடவைதான் என்று புரிந்தது. அதற்குப் பிறகு விரல்விட்டுக் காற்றில் எண்ணிக் காட்டி, "டுடே, ட்வென்டி டூ. ஆல் சேஞ்ச்" என்றார்.

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் படத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். நாலு வீடு தள்ளி, ஒரு வருடமாக, தினமும் குனிந்து கும்பிட்டிருக்கிறேன். அம்மா, உங்களுக்குக் குழந்தை உண்டா என்று ஒருநாள் கேட்டதில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஜூன் மாதம் எனக்கு யூகேஜி கிடைத்தது. நாற்காலியும் கிடைத்தது. கைப்பிடி இருந்தது. வெகுநாள் அதில் உட்காராமல் பாயில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தேன். பெரிய டீச்சர் அதைப் பணிவு என்று நினைத்து எல்லோரிடமும் பாராட்டினார். (அதையும் மறுக்கவில்லை. வியாதி அவ்வளவு சீக்கிரம் விடுமா?)

அண்ணி அன்றைக்கு ராத்திரியே அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அண்ணன் ஜாஸ்தி பேசாத மனுஷர். அன்றிலிருந்து நாற்பது வருடமும் அவர் என்னிடம் பேசியதில் பாதி ஒரே கேள்விதான். நான் எப்போது "தெரியுமே" என்று ஆரம்பித்தாலும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பார்: "வலமா, எடமா?" என் கல்யாணத்தில் மணமேடையில் வைத்துக் கேட்டார். என் பேத்திக்கு நான் கொரியாவைப் பற்றி விளக்கியபோது கேட்டார். தான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, டாக்டர் இன்ன மருந்துதான் எழுதுவார் என்று நான் சொன்னதற்குத் துண்டு இல்லாமல் போர்வையை விரித்துக் கேட்டார்.

போன வருடம் அண்ணன் இறந்துபோனார். குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டும்போது பங்காளிகளுக்குள் சின்னக் குழப்பம். எப்போதும் போலக் கட்டுவதா, சாவுக்கு மாற்றிக் கட்டுவதா என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. பெரியவர் ஒருவர் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"வலமா, எடமா?"

தலைமாட்டில் அழுதழுது குரல் போய் உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்தார். "எங்க சரோசாவக் கேளுங்க. உசுரோட இருந்த இருபத்திரண்டு புள்ளைங்களுக்கே கட்டிவுட்டவ அவதான்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம், அழுதோம். துக்கத்துக்கு வந்தவர்கள் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். வேட்டி பிடித்திருந்தவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கை வலித்திருக்கும்.

வாய் திறந்தது. வழக்கம்போல முந்திக்கொண்டுதான் திறந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "தெரிஞ்சவங்க யாரையாச்சும் கேளுங்க."

அண்ணி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

"இந்த வார்த்தயக் காதால கேக்காம போயிட்டாரே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழ ஆரம்பித்தார்.